தோட்டத்தை விட்டுக் கிளம்புமுன் ஒரு பங்குனி

மாசி பிறந்த அன்று மாமா ஆசாரத்தில், அதாவது வீட்டுக் கூடத்தில், மாட்டியிருந்த காலண்டரைப் புரட்டிக்கொண்டே போய் வைகாசி 12-ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். அன்றைக்கு வண்டி வரும், பன்னிரண்டு பேரும் திருப்பூருக்குக் குடிபோகிறோம் என்று முடிவாகிவிட்டது. என் வீட்டுக்காரருக்கும் கொழுந்தனாருக்கும் வேலை அங்கேதான். தினமும் போக வர நூறு கிலோமீட்டர் பைக்கில் ஓடியே ஒன்பது வருஷம் ஆயிற்று. பெரியவள் பதினொன்றாம் வகுப்புக்குப் போகிறாள். ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் போய்ச் சேர்ந்தால்தான் ஆகும்.

எங்கள் தோட்டம் வெள்ளகோவிலுக்குத் தெற்கே, 1.25 ஏக்கர். ஒரு கிணறு, ஒரு ஓட்டு வீடு, ஒரு புளியமரம், கட்டுத்தறியில் ஒரு மாடும் கன்றும், எண்ணிக்கையில் நிற்காத கோழிகள். சுற்றிலும் கிளுவை வேலி போட்ட கொறங்காடு, அதாவது மேய்ச்சல் காடு. பி.ஏ.பி. எனும் பரம்பிக்குளம்-ஆழியாறு பாசன வாய்க்காலின் கடைமடைப் பக்கம் என்பதால் வாய்க்காலில் தண்ணீர் ஓடும் வருஷம் கிணறும் ஊறும், ஓடாத வருஷம் குடிக்கவும் மாட்டுக்கும் மட்டும்தான். நிலத்தை விற்கவில்லை. தெரிந்த குடும்பம் ஒன்று குத்தகைக்கு எடுத்துக் குடிவருகிறது. அந்த அண்ணனுக்கும் அக்காவுக்கும் இரண்டு சின்னப் பிள்ளைகள்.

குடிபோவது என்றால் மூட்டை கட்டுவது என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு நோட்டை எடுத்து எழுத உட்கார்ந்ததும்தான் தெரிந்தது, மூட்டை கட்டுவது கடைசி 3 நாள் வேலை. மற்றதெல்லாம் அதனதன் நாளைக் கேட்கிற வேலைகள். கோழி அடைக்கு 21 நாள். கொய்யாப் பதியம் வேர்விட ஒன்றரை மாசம். புளி மாசி பங்குனியில்தான் பழுக்கும். விதைக்கு விட்ட சுரைக்காய் கொடியிலேயே காய்ந்து குலுங்க வேண்டும். வைகாசி 12-லிருந்து பின்னோக்கி எண்ணி, ஒவ்வொன்றையும் என்றைக்குத் தொடங்க வேண்டும் என்று குறித்தேன். ஒரு பக்கத்தில் இங்கே முடித்துவிட்டுப் போக வேண்டியவை, எதிர்ப்பக்கத்தில் கூட வர வேண்டியவை.

முடிக்க வேண்டியதில் முதலாவது, கூரை. மூன்று வருஷமாகத் தெற்கு அறை ஒழுகியது. நாங்கள் பாத்திரம் வைத்துப் பழகிவிட்டோம். வருகிறவர்களுக்குப் பாத்திரத்தையும் சேர்த்து விட்டுவிட்டுப் போக மாமாவுக்கு மனசு வரவில்லை. எனக்கும்தான். கோடை மழை எப்படியும் சித்திரையில் இறங்கும், அதற்குள் ஓடு மாற்ற வேண்டும் என்று பங்குனி 3-ஆம் தேதி ஏணி வைத்தோம்.

எங்களுடையது சீமை ஓடு. மங்களூரில் 1865-ல் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பினர் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய அதே தட்டையான, ஒன்றோடொன்று பொருந்தக் காடி (பள்ளம்) வைத்த சிவப்பு ஓடு. ஒரு ஓடு இரண்டரைக் கிலோவுக்குக் குறையாது. கொழுந்தனார் மேலே, வீட்டுக்காரர் ஏணி நடுவில், நான் கீழே. பிள்ளைகள் ஐந்து பேரும் வரிசையாக நின்று கைமாற்றி வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோனார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் ஆண்கள் கை கிடைக்கும் என்பதால் ஒரு நாளைக்கு ஒரு பத்தி என்று பிரித்துக்கொண்டோம்.

இறக்கிய ஓட்டை அப்படியே திரும்ப ஏற்றக் கூடாது. ஒவ்வொன்றையும் ஒரு கையில் தொங்கவிட்டு, விரல் கணுவால் தட்ட வேண்டும். நல்ல ஓடு ணங்கென்று பாத்திரம் மாதிரி சொல்லும். மயிரிழை விரிசல் இருந்தால் சத்தம் டொக்கென்று செத்துவிடும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இதை அப்பத்தாதான் சொல்லிக் கொடுத்தார். அவருக்குக் கண் மங்கல். திண்ணையில் உட்கார்ந்து, பிள்ளைகள் தட்டத் தட்டக் கேட்டே பிரித்துவிட்டார்.

"அது வேண்டாஞ் சாமி, அந்தப் பக்கம் வையி."

அப்படிக் கழிந்தது மட்டும் 61 ஓடு. கழிந்ததைப் போலவே காடி பொருந்தும் பழைய ஓடு வேண்டும். புது ஓட்டின் காடியும் பழையதின் காடியும் ஒரு நூல் விலகினாலும் தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கும். காங்கேயம் பக்கம் ஒரு பழைய வீடு இடித்த இடத்தில் 80 ஓடு கிடைத்தது. கையில் ஒரு மாதிரி ஓட்டை எடுத்துக்கொண்டு போனது நல்லதாயிற்று. இரண்டு இடத்தில் பார்க்க ஒன்றுபோலவே இருந்த ஓடு, வைத்துப் பார்த்தால் உட்காரவில்லை.

ஓட்டை எடுத்த பிறகுதான் உண்மையான சங்கதி தெரிந்தது. ஒழுகலுக்குப் பாதிக் காரணம் ஓடே இல்லை. கூரையைத் தாங்கும் பனஞ்சட்டமான பனங்கை ஒன்றின் சுவர்முனையைக் கரையான் தின்றிருந்தது. பனங்கை இறங்கியதால் அதன்மேல் குறுக்கே அறைந்த ரீப்பர் சட்டமும் இறங்கி, அந்த வரிசை ஓடெல்லாம் ஒன்றரை விரற்கடை பள்ளமாகிவிட்டது. சரிவு குறைந்தால் தண்ணீர் ஓடாது, தயங்கி நிற்கும். நின்ற தண்ணீர் காடியைத் தாண்டி உள்ளே விழும். முழுப் பனங்கையையும் மாற்ற ஆசாரி வேண்டும், செலவும் கூட. ஆசாரியிடம் யோசனை கேட்டு, கெட்ட முனையை இரண்டு அடி அறுத்து எடுத்துவிட்டு, நல்ல பனங்கைத் துண்டு ஒன்றைப் பக்கவாட்டில் நான்கு அடி ஒட்டி வைத்து, மூன்று போல்ட் போட்டு முடுக்கினோம். சுவரில் உட்காரும் இடத்தில் மண்ணைச் சுரண்டிச் சுத்தம் செய்து, ஒரு கருங்கல் சில்லு வைத்து, அதன்மேல் முனையை நிறுத்தினோம். மரம் மண்ணைத் தொடாமல் இருந்தாலே கரையானுக்குப் பாதி வழி அடைபடும். முனைக்கு வண்டிக் கழிவு எண்ணெயை மூன்று நாள் விட்டு விட்டு ஊறவிட்டுத் தடவினோம்.

ஓட்டை அடுக்குவது எப்போதும் இறவாரத்திலிருந்து முகட்டுக்கு, கீழிருந்து மேலே. மேல் ஓட்டின் கால் கீழ் ஓட்டின் தலையை மூட வேண்டும். நூல் கட்டிப் பார்க்காமல் ஒரு வரிசையும் போடக் கூடாது. முதல் வரிசையில் கால் அங்குலம் கோணினால் முகட்டுக்குப் போகும்போது அரை ஓடு கோணலாக நிற்கும். நாங்கள் இரண்டாம் ஞாயிறு நூல் கட்ட மறந்து ஒன்பது வரிசை அடுக்கி, ஒன்பதையும் பிரித்தோம். முகட்டோட்டுக்குச் சிமென்ட் போடலாம் என்று கொழுந்தனார் சொன்னார். மாமா ஒத்துக்கொள்ளவில்லை, சுண்ணாம்பும் மணலும்தான் என்றார். அவர் சொன்னது சரி என்றே இப்போது நினைக்கிறேன். ஓட்டுக் கூரை வெயிலுக்கும் காற்றுக்கும் கொஞ்சம் அசையும். சிமென்ட் அந்த அசைவைத் தாங்காமல் வெடித்துவிடும். அடுத்த முறை ஓடு மாற்றும்போது சிமென்ட் பிடித்த முகட்டோட்டை உடைக்காமல் எடுக்கவும் முடியாது.

மூன்றாவது ஞாயிறு வடமேற்கு மூலைக்கு வந்தபோது சுவருக்கும் பனங்கைக்கும் இடையில் வைக்கோலும் நூலும் கோழி இறகும் திணித்த ஒரு கூடு. உள்ளே நான்கு சிட்டுக்குருவிக் குஞ்சுகள், இன்னும் கண் திறக்கவில்லை. தாய்க்குருவி வேப்பமரத்துக்கும் கூரைக்கும் பறந்து பறந்து கத்தியது. அந்த மூலைக்கு மேல் இருந்த பன்னிரண்டு ஓட்டையும் திரும்ப மூடிவிட்டு இறங்கிவிட்டோம். குஞ்சு பறக்க இரண்டு வாரம் ஆகும். நடுப்பையன் தினமும் பள்ளிவிட்டு வந்து கீழே நின்று காது கொடுத்துக் கேட்டுச் சொல்வான். சத்தம் நின்ற பிறகும் இரண்டு நாள் பொறுத்து அந்த மூலையை முடித்தோம். கூட்டை எடுத்து அதே இடுக்கில் திரும்ப வைத்தாயிற்று.

கூரைக்கு நடுவே வாரநாட்களில் புளி. உலுக்க ஒரு நாள், மீதி மூன்று வாரமும் உட்கார்ந்த வேலை. தோட்டோடு 50 கிலோ வந்தது. பிள்ளைகள் ஓடு உடைக்க, அத்தையும் ஓரகத்தியும் கொட்டை தட்ட, அப்பத்தா நார் உரிக்க, கோது கொட்டை எல்லாம் போய் 26 கிலோ நின்றது. எங்கள் வீட்டுக்கு வருஷத்துக்கு 18 கிலோ செல்லும். மீதி, வருகிற அக்காவுக்கு ஒரு பானை. புதுப்புளி பொன்னிறமாக இருக்கும்போதே கல்லுப்பு தூவித் தூவி மண்பானையில் அழுத்தி அடைக்க வேண்டும். ஈரம் துளி இருந்தாலும் பூஞ்சை பிடிக்கும். அடைக்கும் முன் இரண்டு நாள் வெயில் காட்டியே ஆக வேண்டும்.

பங்குனி கடைசியில் மோட்டார் மக்கர் செய்தது. கிணற்று மேடையில் இருக்கும், மோட்டாரும் பம்பும் ஒன்றாகச் சேர்ந்த 5 எச்.பி. மோனோபிளாக். ஒவ்வொரு முறையும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினால்தான் எடுக்கும், நிறுத்தினால் திரும்ப வறண்டுவிடும். ஊற்றிய தண்ணீர் நிற்கவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டிய முதல் இடம், குழாயின் அடிமுனையில் தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாமல் பிடிக்கும் ஃபுட்வால்வு. குழாயின் தலைவரை தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிஷம் பார்த்தோம், மட்டம் கண்முன்னே இறங்கியது. குழாயில் வெளிக்கசிவு எங்கும் இல்லை. அப்படியென்றால் அடியில்தான்.

கயிறு கட்டிக் குழாயை மேலே தூக்கி, ஃபுட்வால்வைக் கழற்றினோம். சல்லடையில் பாசி. உள்ளே தோல் வாசர் ஒரு பக்கம் சுருங்கி, விளிம்பில் நகம் நுழையும் அளவு கிழிசல். அந்தக் கிழிசலில் ஒரு சோளமணி அளவு கல் மாட்டி, வாயை மூடவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. குடம் குடமாக ஊற்றிய தண்ணீர் எல்லாம் போனது அந்த ஒரு கல்லால்தான். புது வாசர் 40 ரூபாய்க்குக் கிடைத்தது. தோல் வாசரை வாங்கியதும் போடக் கூடாது, ஒரு ராத்திரி விளக்கெண்ணெயில் ஊறவிட்டால் மெத்தென்று உட்காரும். அது உட்காரும் வளையத்தை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கினேன். கையோடு மோட்டார்த் தண்டைச் சுற்றிக் கசிவை அடைக்கும் கிளாண்டு கயிறும் மாற்றினோம். அதை அதிகம் முடுக்கிவிடக் கூடாது, ஓடும்போது சொட்டுச் சொட்டாகக் கொஞ்சம் கசிய வேண்டும். சொட்டவே இல்லை என்றால் தண்டு சூடாகித் தேயும்.

ஒரு விஷயத்தைச் சுவரில் சுண்ணாம்பால் எழுதியே வைத்தோம். மேடையிலிருந்து 20 அடிக்குக் கீழே தண்ணீர் போனால் இந்த மோட்டார் இழுக்காது. காற்றழுத்தம்தான் தண்ணீரைக் குழாயில் மேலே தள்ளுகிறது, மோட்டார் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அதற்கு மேல் பலன் இல்லை. அந்த ஆழத்துக்குத் தண்ணீர் இறங்கினால் மோட்டாரைக் கீழ்மேடைக்கு இறக்க வேண்டும். நாங்கள் முதல் வருஷம் இது தெரியாமல் ஒரு மோட்டாரைப் புகையவிட்டோம்.

இனி கூட வர வேண்டியவை. இதில் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரியது விதை. நான் கல்யாணமாகி வந்தபோது அத்தை கொடுத்த கத்தரி, அதற்கு முன் அப்பத்தா அவர் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த அவரை. கடையில் பொட்டலம் வாங்கலாம், ஆனால் இந்தக் கத்தரி கிடைக்காது. வெள்ளையில் பச்சைக்கீற்று, காம்பில் முள், புளிக்குழம்பில் போட்டால் கரையாமல் நிற்கும்.

கத்தரிக்கு நல்ல செடி நான்கைப் பார்த்து, ஆளுக்கு இரண்டு காயில் துணி கட்டி விட்டேன். பறித்துவிடாமல் இருக்கத்தான் துணி, பன்னிரண்டு பேர் சமையலில் அடையாளம் இல்லாத காய் தப்பாது. பழுத்து மஞ்சளாகி, தொட்டால் அமுங்கும்வரை செடியிலேயே விட்டேன். நான்காகக் கீறித் தண்ணீரில் பிசைந்தால் நல்ல விதை அடியில் தங்கும், சப்பை மிதக்கும். மிதந்ததை ஊற்றிவிட்டு, அடிவிதையை நிழலில் காயவைத்து, சலித்த அடுப்புச் சாம்பலில் புரட்டிப் பாட்டிலில் அடைத்தேன். துவரைக்கு அப்பத்தா முறை. செம்மண்ணைக் குழைத்து முழுத் துவரையில் பூசி வெயிலில் காயவைப்பது. செம்மண் கட்டிய துவரையில் வண்டு ஏறாது. சுரைக்காயை உடைக்கவே இல்லை. கொடியில் காய்ந்து, குலுக்கினால் கலகலவென்ற மூன்று காய்களை அப்படியே எடுத்துக்கொண்டோம். அதைவிட நல்ல டப்பா விதைக்கு வேறு இல்லை.

விதை காய்ந்ததா என்று பார்க்க ஒன்றைப் பல்லில் கடித்தால் போதும். டக்கென்று உடைய வேண்டும், பல் பதிந்தால் இன்னும் வெயில் வேண்டும். அப்புறம் ஒவ்வொன்றிலும் 20 விதை எண்ணி ஈரத்துணியில் முடிந்து முளை பார்த்தோம். கத்தரியில் 17, வெண்டையில் 18, பாகலில் 9 தான். பாகல் விதை போன வருஷத்தது, அதைக் கொடுப்பதை நிறுத்திவிட்டுப் புதிதாக எடுத்தேன். எல்லாவற்றையும் மூன்றாகப் பிரித்தோம். ஒரு பங்கு எங்களுக்கு, ஒரு பங்கு வருகிறவர்களுக்காக அட்டாலிப் பரணில், ஒரு பங்கு அம்மாவைப் பெற்ற அமுச்சி வீட்டுக்கு. ஓரிடத்தில் போனாலும் இன்னோரிடத்தில் இருக்கும்.

கொய்யாவில் தோற்றேன். மாசி 20-ல் நான்கு கிளையில் பென்சில் கனத்துக்கு மேலாகப் பார்த்து, ஓரங்குலம் பட்டை நீக்கி, ஈரத் தேங்காய்நார்க் கழிவு வைத்து, பாலிதீன் சுற்றிக் கட்டினேன். கொய்யாப் பதியத்துக்கு மழைக்காலம்தான் நல்லது என்று தெரியும். ஆனால் நான் மழைக்காலத்தில் இங்கே இருக்கப் போவதில்லை. மேற்கு வெயில் பட்ட மூன்றும் காய்ந்துவிட்டன, ஒன்றில் கட்டெறும்பு குடியேறியிருந்தது. மரத்தின் உள்நிழலில் கட்டிய ஒன்று மட்டும் சித்திரை 10-ல் பாலிதீனுக்குள் வெள்ளை வேரைக் காட்டியது. கோடையில் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் உள்நிழலில் கட்டுங்கள், வாரம் ஒருமுறை ஊசிக்குழலால் தண்ணீர் விடுங்கள்.

கறிவேப்பிலையின் பக்கக் கன்றுகளைப் பங்குனியிலேயே வேர்மண்ணோடு தோண்டி, பழைய பெயிண்ட் வாளிகளில் மாற்றினேன். தோண்டியவுடன் வண்டியில் ஏற்றினால் பிழைக்காது, ஒரு மாசமாவது வாளியில் பழகட்டும். மூன்றில் இரண்டு துளிர்த்தன. முருங்கை மட்டும் கடைசி வாரம். கை மொத்தத்தில் மூன்றடிப் போத்து வெட்டி, மேல்முனையில் சாணி உருண்டை அப்பி, நிழலில் சாய்த்து வைத்தோம்.

மாடும் கன்றும் சித்திரை 20-ல் இரண்டு மைல் தள்ளியுள்ள தோட்டத்துக்குப் போயின. வாங்கியவர் புதுக்கயிறு கொண்டுவந்தார். பழைய கயிற்றைக் கொடுப்பதில்லை. மாமா அதை அவிழ்த்துச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, கன்றை முன்னால் நடத்தச் சொன்னார். கன்று போனதும் மாடு தானாகப் பின்னால் போயிற்று. அன்று சாயங்காலம் அத்தை பழக்கத்தில் கழுநீர்த் தொட்டியை நிரப்பிவிட்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து மழை. நாங்கள் பன்னிரண்டு பேரும் விளக்கை அணைத்துவிட்டுத் தெற்கு அறையில் அண்ணாந்து நின்றோம். முகட்டோரம் ஒரு சொட்டு விழுந்தது, நின்றுவிட்டது. மறுநாள் கொழுந்தனார் ஏறிப் பார்த்தால் சுண்ணாம்புப் பூச்சில் ஒரு விரல் இடைவெளி, அடைத்தார். மாமா டிராக்டர் சொல்லிக் கோடை உழவு ஓட்டிவிட்டார். சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்பார்கள், அதைக் குத்தகைக்கு வருகிறவர் வந்து ஓட்டட்டும் என்று விட்டால் வைகாசி ஆகிவிடும்.

கோழியில்தான் என் கணக்கு தப்பியது. முதல் கோழியைப் பங்குனி 15-ல் 11 முட்டையோடு அடைவைத்தேன். கூடையில் மணல், மேலே வைக்கோல், இடிக்கு ஒரு இரும்புத்துண்டும் கரியும். ஏழாம் நாள் ராத்திரி செல்போன் விளக்கில் முட்டையைப் பிடித்துப் பார்த்து, சிவப்பு நரம்பு ஓடாத இரண்டை எடுத்துவிட்டேன். மீதி ஒன்பதில் எட்டு பொரித்தது. வண்டி ஏறும்போது ஒரு மாசக் குஞ்சுகள், பயணம் தாங்கும். ஆனால் கருப்புப்பெட்டை நாங்கள் பார்க்காமல் சோளத்தட்டுப் போருக்குள் புகுந்து அடைகாத்திருந்தது. கண்டுபிடித்தது வைகாசி 2-ல். எத்தனை நாள் ஆயிற்று என்று தெரியாது. விளக்கில் பார்த்தால் நரம்பு விரிந்திருந்தது, நடுவில் கண்புள்ளி, காற்றறை இன்னும் சின்னது. ஏழெட்டு நாள் இருக்கும் என்றார் அத்தை. பொரிக்க வைகாசி 16 ஆகும், வண்டி 12-ல். அடைக்கோழியை வண்டியில் குலுக்கினால் முட்டையைக் கைவிட்டுவிடும். பெட்டையை அப்படியே விட்டுவிட்டு வந்தோம். சின்னவள் குடிவந்த அக்காவிடம் தண்ணீர்க் கிண்ணம் எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று மூன்று தடவை சொன்னாள்.

இங்கே திருப்பூரில் வாடகை வீட்டுப் பின்னால் பத்தடிக்கு எட்டடி மண் இருக்கிறது. முருங்கைப் போத்தை ஒரு அடி ஆழத்தில் நட்டாயிற்று, இரண்டு கணுவில் மொட்டு முட்டுகிறது. கொய்யா வாளியில் நிற்கிறது. வைகாசி 17 காலையில் அக்கா போன் செய்தார்.

"ஏழு பொரிச்சிருக்குதுங்க. ஒண்ணு இன்னும் ஓட்டைக் கொத்திட்டு இருக்குது, சத்தம் கேக்குதுங்களா?"

போனை சின்னவளிடம் கொடுத்தேன். கத்தரி விதைப் பாட்டில் சமையலறை மேல்தட்டில், ஆடி பிறக்கும்வரை அங்கேதான் இருக்கும்.